முள் நூற்றுப்பத்தில் நிற்கவில்லை

ஜூன் 9

நாத்தனாருக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன்னை விசாரிக்க எனக்கு ஆசை ஒன்றுமில்லை, கடிதம் என்றால் இப்படித் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உன் முகவரியைக் கறிக்கடைக்காரரிடம் வாங்கினேன். போன் நம்பரும் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். உன் குரலைக் கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் போய் நாலு மாதம் ஆகிறது. கடை பூட்டியே கிடக்கிறது. போன வாரம் கட்டடக்காரர், செல்போன் கடை வைக்கப்போகிற ஒருவரை அழைத்து வந்து என் கண் முன்னாலேயே டேப் பிடித்துச் சுவரை அளந்தார். "நீங்க தொறக்கறதா இருந்தா தொறங்க, இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். திறக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலை கேன்டீன் மேலாளர் வாராவாரம் புதன்கிழமை நாற்பது தட்டுப் புகைக்கறி எடுத்துக்கொள்ளத் தயார். ஆகஸ்ட் முதல் புதன் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் அந்தச் சுவரில் செல்போன் தொங்கும்.

கறியை ஊறவைப்பது, கட்டுவது, அறுப்பது எல்லாம் எனக்குத் தெரியும். பதினாறு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தவள். பின்கட்டில் நிற்கும் அந்தப் புகை டிரம் மட்டும் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. கரி பற்றுவதே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினால் குப்பென்று எரிகிறது, கால்மணி நேரத்தில் செத்துப்போகிறது. மூடியில் இருக்கும் சூடு காட்டும் முள் அறுபதைத் தாண்டவில்லை. நேற்று ஒரு கோழியை வைத்துப் பார்த்தேன். தெருநாய் அதை மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

அந்த டிரம்மைப் பதினாலு வருஷம் மேய்த்தவள் நீ. எப்படிப் பற்றவைப்பது என்று எழுது. தெரிந்ததை எழுதினால் போதும், புத்திமதி வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஜூன் 24

அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் நலம் என்று எழுதியிருந்ததால் மறுபடி கேட்கவில்லை.

அண்ணன் செத்த செய்தி எனக்கு ஒன்பது நாள் கழித்து, அதுவும் கறிக்கடைக்காரர் வாயால் வந்தது. டிரம் பற்றவில்லை என்ற செய்தி மட்டும் உங்கள் கையெழுத்திலேயே வந்துவிட்டது. எது உங்களுக்கு அவசரம் என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் மண்ணெண்ணெய். அந்த வாடை இரும்பில் ஏறினால் லேசில் இறங்காது. கறி எதுவும் வைக்காமல் கரியை மட்டும் போட்டு மூன்று தடவை நன்றாகக் கனலவிட்டு எரித்துத் தள்ளுங்கள். இனிமேல் அந்தக் கேனை டிரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது கரி. நாலு மாதம் பூட்டிய கடையில் தரையில் கிடந்த மூட்டைதானே? ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் ஈரம். இரண்டு நாள் வெயிலில் பரப்புங்கள். கரிக்கூடைக்கு அடியிலும் கையை விட்டுப் பாருங்கள். பழைய சாம்பல் கெட்டியாகி அடைத்திருக்கும். மூச்சுவிட வழியில்லாமல் எந்த நெருப்பு எரியும்?

பிறகு கூடை நிறையக் கரியைக் கொட்டி நடுவில் ஒரு குழி பறியுங்கள். மொத்தத்தையும் கொளுத்தக் கூடாது. அடியில் ஓட்டை போட்ட தகர டப்பா ஒன்று ஆணியில் தொங்கும், அதில் பதினைந்து துண்டு மட்டும் போட்டுக் கீழே காகிதம் வைத்துக் கொளுத்துங்கள். மேலே வெள்ளைச் சாம்பல் பூத்ததும் அந்தக் குழியில் கொட்டுங்கள். அது பக்கத்துக் கரியை மெல்ல மெல்லத் தின்றுகொண்டு ஏழு மணி நேரம் போகும். மூடியில் இருக்கும் மேல்துளை எப்போதும் முழுசாகத் திறந்திருக்கட்டும். முதலில் வெள்ளையாகப் புகை குமுறும். அப்போது கறியை வைத்தால் கசக்கும். புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலமாக வரும்போதுதான் வைக்க வேண்டும். முள் நூற்றுப்பத்தில் நிற்க வேண்டும். ஏறினால் காற்றைக் குறையுங்கள்.

இங்கே மாணவிகள் விடுதியில் எனக்குச் சமையல் வேலை. கேஸ் அடுப்பு. இந்தப் பக்கம் திருகினால் எரியும், அந்தப் பக்கம் திருகினால் அணையும். உங்களுக்கு ஏற்ற அடுப்பு.

இப்படிக்கு,
நாத்தனார்


ஜூலை 8

நாத்தனாருக்கு,

நலம். நீயும் வாய்க்கொழுப்புக் குறையாமல் நலமாக இருக்கிறாய் என்று கடிதத்தைப் பார்த்தே தெரிந்தது.

நீ சொன்னபடி செய்தேன். கரி பற்றியது. சாம்பல் ஒரு வாளி வந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நினைத்திருப்பாய்.

ஆனால் முள் நூற்றுப்பத்தில் நிற்கவில்லை. ஒன்பதே முக்காலுக்குத் தொண்ணூறு. பத்து மணிக்கு நூற்று நாற்பது. பத்தேகாலுக்கு நூற்றுத் தொண்ணூறு. கல்யாணத்துக்கு முன்னால் மருந்தகத்தில் நோயாளிச் சீட்டு எழுதிய கை, நேரத்தைக் குறிக்காமல் எனக்கு எதுவும் செய்ய வராது. பன்னிரண்டு மணிக்குக் கரி முழுக்கத் தீர்ந்துவிட்டது. ஏழு மணி நேரம் போகும் என்றாயே, மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆட்டுத் தோள்பட்டை வெளியே தார் மாதிரி, உள்ளே ரத்தம். மேலே கருகி நடுவில் பச்சையாக இருக்கும் கறியை எந்த மேலாளருக்கு வைப்பது?

"காற்றைக் குறையுங்கள்" என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டாய். எதை வைத்துக் குறைப்பது? மேல்துளையை மூடக் கூடாது என்கிறாய். கீழே இருப்பது கையளவு ஓட்டை. அதற்கு மூடி இல்லை. என்னைச் சோதிப்பதை விட்டுவிட்டு விவரமாக எழுது. இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணி


ஜூலை 20

அண்ணிக்கு,

சுகம். இங்கே புழுக்கம் தாங்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், டிரம் பக்கத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

முள் பாய்வதற்குக் காரணம் பல. டிரம்மைச் சந்துக்கு நேராக வைத்திருப்பீர்கள். காற்று அடித்தால் நெருப்பு துள்ளும். பின்சுவரை ஒட்டி நகர்த்துங்கள். கரித்தூள் சேர்ந்தாலும் குபுகுபுவென்று பிடிக்கும், சலித்துப் போடுங்கள். பதினைந்து துண்டுக்குப் பதில் பத்து வையுங்கள். உள்ளே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். ஒரு தடவை திறந்தால் காற்று புகுந்து கரி எல்லாம் கண் விழித்துக்கொள்ளும். இதை உங்களுக்கு இடுக்கியால்கூடச் சொல்லிக்கொடுத்தாயிற்று. இன்னும் ஏறவில்லை.

விடுதியில் இன்று இருநூறு பேருக்குச் சமையல். நேரமில்லை.

இப்படிக்கு,
நாத்தனார்


ஜூலை 27

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஆமாம், இடுக்கியால் சொல்லிக்கொடுத்தாய். தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது, வளையல் போட்டு மறைக்கிறேன். என் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள், அவளுக்குக் காட்ட ஒரே ஒரு தடவை மூடியைத் தூக்கினேன். நெருப்பில் கிடந்த இடுக்கியை எடுத்து அடித்தாய். நீ அடித்ததைக்கூட மறந்திருப்பேன். உன் அண்ணன் சிரித்தார். "உனக்கு நல்லா வேணும்" என்று என் அக்கா முன்னால் சிரித்தார். அன்று சாயங்காலம்தான் "நானா, அவளா" என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

நீ எழுதிய அத்தனையும் செய்துவிட்டேன். சுவரை ஒட்டி நகர்த்தினேன். சலித்தேன். பத்துத் துண்டு வைத்தேன். தண்ணீர் வைத்தேன். மூடியைத் தொடவே இல்லை. முள் நூற்று எண்பது.

கடைசியில் வெல்டரைக் கூப்பிட்டேன். அவர் கீழே குனிந்து பார்த்தவுடனே சொன்னார்: "இங்க பாருங்கம்மா, ரெண்டு போல்ட் ஓட்டை இருக்கு. ஒரு தட்டு நகர்ற மாதிரி இருந்திருக்கு. அத வச்சுத்தான் காத்த ஏத்தி எறக்குவாங்க. அது எங்க?" எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ போனபிறகு அந்த ஓட்டைக்கு முன்னால் அரைச் செங்கல் ஒன்று கிடக்கும். உன் அண்ணன் ஸ்டூலைப் போட்டு டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க அந்தச் செங்கலைக் காலால் தள்ளுவதும் இழுப்பதுமாக இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார். உன்னை அனுப்பிவிட்ட கோபத்தில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அங்கேயே கிடக்கிறார் என்று நினைத்தேன். ஒரு தடவை, "எதுக்கு இந்தச் செங்கல்?" என்று கேட்டேன். "தட்டு துருப்பிடிச்சு உடஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். அவர் போனபிறகு பின்கட்டைக் கழுவியபோது அந்தச் செங்கலையும் குப்பையில் போட்டது நான்தான்.

அந்தத் தட்டு எப்படி இருந்தது? அளவு சொன்னால் வெல்டர் புதிதாகச் செய்து தருவார். பத்து நாள் இருக்கிறது. உடனே எழுது.

இப்படிக்கு,
அண்ணி


ஆகஸ்ட் 9

நாத்தனாருக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. செத்தா போய்விட்டாய் என்று கேட்கலாம் என்று பார்த்தேன், எங்கள் வீட்டில் அந்த வார்த்தை இப்போதைக்கு வேண்டாம்.

புதன்கிழமை வந்தது, போனது. நீ அளவு அனுப்பாததால் வெல்டர் கையை விரித்துவிட்டார். "எவ்வளவு தூரம் நகரணும்னு தெரியாம அடிச்சா இரும்புதான் வீணாகும்" என்றார். நானே ஒரு கல்லைத் தேடி வைத்தேன். கல்லை ஒட்டி வைத்தால் முள் எழுபதுக்கு இறங்கி நெருப்பு சாகிறது. விரல் அளவு நகர்த்தினால் நூற்று அறுபது. காலை ஐந்து மணியிலிருந்து டிரம் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கல்லோடு மல்லுக்கட்டினேன்.

கேன்டீனில் முதல் தட்டை மேலாளரே எடுத்தார். ஒரு வாய் வைத்தார். வாயில் இருந்ததை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் செஞ்சது ஞாபகம் இருக்கு. இது அது இல்ல" என்றார். வரிசையில் நின்றவர்கள் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போனார்கள். நாற்பது தட்டையும் நானே தூக்கி வந்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவு கருகல் வாடை.

செப்டம்பர் முதல் புதன் இன்னொரு தடவை பார்க்கலாம், அதோடு சரி என்று சொல்லியிருக்கிறார். இரக்கப்பட்டுச் சொன்னார். எனக்கு அதுதான் வலிக்கிறது.

நீ ஏன் எழுதவில்லை?

அண்ணி


ஆகஸ்ட் 22

அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு இன்று வாய் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். பிரித்தால் இரும்புத் தட்டு இருக்கும். பிறை மாதிரி வளைந்தது, ஒரு முனையில் கைப்பிடி. இரண்டு போல்ட்டும் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். துருவும் பிடிக்கவில்லை, உடையவும் இல்லை. அண்ணன் அதைத் தூக்கிப் போடவும் இல்லை. அவன் என்னைப் போகச் சொன்ன அன்று, பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஸ்பேனர் வைத்துக் கழற்றி என் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். ஆத்திரத்தில் செய்தேன். இரண்டரை வருஷமாக என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

உங்கள் முதல் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும், தட்டு இல்லாமல் அந்த முள் நிற்காது என்று. தெரிந்துகொண்டுதான் காற்று, கரித்தூள், தண்ணீர் என்று எழுதினேன். எழுதியது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அதனால் ஒன்றும் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் திணறுவதை நினைத்து இங்கே நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவன் உங்களிடம் துருப்பிடித்துவிட்டது என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபிறகு எனக்குப் பேனா ஓடவில்லை. அதனால்தான் பதில் இல்லை. தட்டை யார் எடுத்தது என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பூட்டும் முறை: கைப்பிடி இடது பக்கம் இருக்க வேண்டும். முள் தொண்ணூறைத் தொட்டவுடனேயே தட்டை முக்கால்வாசி மூடத் தொடங்குங்கள். நூற்றுப்பத்து வரட்டும் என்று காத்திருந்தால் தாண்டிவிடும். பிறகு ஒரு நூல் அளவு நகர்த்திவிட்டுக் கால்மணி நேரம் காத்திருங்கள். அவசரப்பட்டு மறுபடி தொடாதீர்கள். மழை பெய்தால் மேலே தகரம் ஒன்று பிடியுங்கள், இல்லாவிட்டால் மூடி குளிர்ந்து முள் விழும்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் நீங்கள் தர மாட்டீர்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 6

நாத்தனாருக்கு,

தட்டு வந்தது. திருப்பி அனுப்புவேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவாய். அது என் டிரம்மின் தட்டு. வெல்டர் பூட்டிக் கொடுத்தார். "யார்மா இத வச்சிருந்தது?" என்று கேட்டார். சொந்தக்காரி என்று சொன்னேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை, அவருக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

புதன்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை. டிரம்முக்கு மேலே கதவுத் தகரத்தைச் சாய்த்து, அதன் மேல் குடையும் கட்டினேன். நாலரைக்குக் கொளுத்தினேன். ஐந்து இருபதுக்குத் தொண்ணூறு. நகர்த்தினேன். ஐந்தே முக்காலுக்கு நூற்றுப்பத்து. அதன்பிறகு பதினொன்றேகால் வரைக்கும் நூற்றைந்துக்குக் கீழேயும் போகவில்லை, நூற்றுப் பதினைந்துக்கு மேலேயும் போகவில்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய் நின்று அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் சாப்பிட்டார். எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த புதன் அம்பது தட்டு" என்றார்.

நான் உனக்கு நன்றி சொல்லப்போவதில்லை. பதினோரு கிலோ கறியைக் கருக்கினேன். நாற்பது பேர் முன்னால் தலைகுனிந்தேன். நீ கட்டிலுக்கு அடியில் தட்டை வைத்துக்கொண்டு எனக்குக் கரி சலிக்கச் சொல்லிக்கொடுத்தாய். உன் அண்ணன் உன்னால்தான் இரண்டு வருஷம் அந்தப் புகைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு ஸ்டூலில் கிடந்தார். அதையும் நினைத்துப் பார்.

நீ உன் திருட்டைச் சொன்னாய். நானும் ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். நாலாவது நாள் உன்னை வரச் சொல்லி எழுதச் சொன்னார். ஏழாவது நாள் "எழுதினியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். ஒன்பதாவது நாள் "இன்னும் வரலையா?" என்றார். பஸ் கிடைத்திருக்காது என்றேன். நான் எழுதவே இல்லை.

அண்ணி


செப்டம்பர் 11

இரண்டு கேள்வி. அண்ணன் என்ன சொன்னான்? வார்த்தைக்கு வார்த்தை வேண்டும். சேர்க்காமல், குறைக்காமல் எழுதுங்கள்.

அந்தப் புகையால்தான் செத்தானா?

வேறு எதுவும் எழுத வேண்டாம். நலமும் வேண்டாம்.


அக்டோபர் 3

நாத்தனாருக்கு,

நீ வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன், நான் நலம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். இல்லை. கிட்னி இரண்டும் போய்விட்டது. புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது, டாக்டரிடம் கேட்டேன். "மூச்செல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். போன கடிதத்தில் ஸ்டூலைப் பற்றி எழுதியபோது நீ இப்படித்தான் நினைப்பாய் என்று தெரிந்தே எழுதினேன். நினைக்கட்டும் என்றுதான் எழுதினேன். உன் கேள்வி வந்தபிறகு மூன்று வாரம் பதில் போடாமல் வைத்திருந்ததும் அதற்காகத்தான். ஆனால் பொய்யை வைத்து உன்னை ஜெயிக்க எனக்குப் பிடிக்கவில்லை. உன்னைச் சமாதானப்படுத்த இதை எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

முதல் கேள்வி. நாலாவது நாள் மத்தியானம். நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அவள வரச் சொல்லி எழுது. கடை ரொம்ப நாள் பூட்டிக் கிடக்கக் கூடாது. டிரம் உன் கைக்கு அடங்காது."

அவ்வளவுதான். உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. மற்ற இரண்டு நாளும் அவர் கேட்டது நான் போன கடிதத்தில் எழுதியதுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அப்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான். உன் கைக்கு அடங்காது. பதினாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டுச் சாகக் கிடக்கும்போது எனக்குச் சொல்ல அவரிடம் இருந்தது அது. உரித்த ஆரஞ்சை நானே தின்றேன். எழுதக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவர் உன்னைப் பார்க்க ஏங்கினார் என்று நினைத்திருந்தால் எழுதியிருப்பேனா? தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

புதன்கிழமைகள் நடக்கின்றன. மற்ற நாளும் கடை திறந்திருக்கிறது, ஞாயிறு மட்டும் விடுமுறை. கட்டடக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வருவதில்லை.

இப்படிக்கு,
அண்ணி


நவம்பர் 14

அண்ணிக்கு,

ஆறு வாரம் பதில் எழுதவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். உங்களைத் திட்டி எழுதத் தொடங்குவேன். பாதியில் பார்த்தால் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருப்பேன்.

உங்கள் மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது, அது குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பதினோரு நாள். பஸ்ஸில் ஆறு மணி நேரம்தான். அதை நான் மறக்கப்போவதில்லை.

ஆனால் நீங்கள் எழுதிய அந்த மூன்று வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பதினாலு வருஷம் கூடவே நின்று வெந்தேன். "எப்படி இருக்கா?" என்று கேட்கவில்லை. கடை பூட்டிக் கிடக்கக் கூடாதாம். நான் அந்தத் தட்டை ஆத்திரத்தில் எடுத்தேன் என்று உங்களுக்கு எழுதினேன். அது பாதிதான். அவன் கேட்பான் என்று எடுத்தேன். தட்டு இல்லாமல் அவனால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது, எழுதுவான், இல்லை நேரிலேயே வருவான், "ஏண்டி இப்படிப் பண்ணுன?" என்று கத்துவான், நானும் கத்துவேன், அப்புறம் கூட்டிக்கொண்டு போவான் என்று நினைத்தேன். வந்த முதல் வருஷம் எந்தப் பஸ் வந்தாலும் எட்டிப் பார்ப்பேன். அவன் என்ன செய்தான்? ஒரு அரைச் செங்கலைப் போட்டுக் காலால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உங்களிடம் துரு என்றான். என்னிடம் "கொஞ்ச நாள் போய் இரு" என்றான், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. கேட்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான், கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பான். நம் இருவரையும் அப்படித்தான் அண்ணி சமாளித்திருக்கிறான்.

இன்னொன்று. அவன் சொன்னது தப்பு. ஐந்தரை மணி நேரம், மழையில், ஐந்து டிகிரிக்கு மேல் ஆடாமல் நிறுத்தியிருக்கிறீர்கள். நான் பிடித்த நாளில்கூட மழையில் பத்துப் பதினைந்து ஆடும். அவனுக்கு இருபது ஆடும். இது புகழ்ச்சி இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். அவன் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.

இங்கே அவனைத் திட்ட எனக்கு ஆள் இல்லை. விடுதி வார்டனிடம் ஆரம்பித்தேன், "போய்ச் சேர்ந்தவரப் போயி திட்டலாமா" என்று என்னை அடக்கிவிட்டார். அவருக்கு அவனைத் தெரியாது. அவனைத் தெரிந்த, அவன் மேல் என் அளவுக்குக் கோபப்படக் காரணம் உள்ள ஆள் உலகத்தில் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தங்க மாட்டேன், சாயங்காலமே கிளம்பிவிடுவேன். சமைத்து வைக்க வேண்டாம், விருந்தாட வரவில்லை. கதவைத் திறந்து ஒரு நாற்காலி மட்டும் போடுங்கள். நிறையத் திட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நாத்தனார்